யார் கண்மாய்?

சிவகங்கைக்குத் தெற்கே, ராமநாதபுரம் எல்லையை ஒட்டிய எங்கள் ஊரில் மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். அந்த இரண்டு மாதத் தண்ணீரைப் பிடித்து வைத்துத் தை வரை நெல்லுக்குப் பாய்ச்ச வேண்டும். மிச்சத்தைக் கோடையில் ஆடுமாடுகளுக்குக் காட்ட வேண்டும். அதற்காக வெட்டியதுதான் கண்மாய். வடக்கே ஏரி என்பார்கள், திருநெல்வேலிப் பக்கம் குளம் என்பார்கள். தமிழ்நாட்டில் இப்படி 39,000-க்கும் மேற்பட்டவை அரசுக் கணக்கில் உள்ளன. பல சங்கிலியாகக் கிடக்கின்றன. மேலூர்க் கண்மாய் நிறைந்து, மிகுநீர் வழியும் கலுங்கில் விழுந்தால்தான் கீழூர்க் கண்மாய்க்குத் தண்ணீர்.

அறுபதுகளின் கடைசியில் நான் சிறுமி. ஊரார் கண்மாயைப் பார்த்துக்கொண்ட விதத்தின் கடைசிச் சில வருடங்களை அப்போது பார்த்தேன். பிறகு படிப்பு, வேலை, கல்யாணம் என்று வெளியூரில் பள்ளி ஆசிரியையாகக் காலம் போயிற்று. ஓய்வுக்குப் பிறகு ஊரோடு வந்துவிட்டேன். கைவிட்டுப்போன கண்மாயை மறுபடி ஊர்ப் பொறுப்பில் கொண்டுவரும் வேலையில் இப்போது நானும் இருக்கிறேன். ஒரு ஊர் தன் தண்ணீரை எதனால் பார்த்துக்கொள்கிறது, எதனால் விட்டுவிடுகிறது என்று கூட்டங்களில் கேட்கும்போதெல்லாம் ‘விழிப்புணர்வு’ என்று ஒரு பதில் வருகிறது. எனக்கு அது போதவில்லை. என் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சுற்றுச்சூழல் என்ற பேச்சே அவர் காதில் விழுந்ததில்லை. ஆனால் மடையில் நீர் கசிந்தால் இரவோடு இரவாக ஆளை எழுப்பி அனுப்புவார்.

சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் தமுக்கடிப்பார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வரத்துக்காலுக்கு வர வேண்டும். வராத வீடு கூலி ஆளை அனுப்ப வேண்டும், அதுவும் இல்லையென்றால் ஊருக்குப் பணம் கட்ட வேண்டும். குடிமராமத்து என்ற இந்த வேலை, எங்கள் ஊரில் கண்மாய்க்குள்ளே தொடங்காது. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் காலில், ஊருக்கு வெகு தூரம் மேற்கே தொடங்கும். கரையை எத்தனை உயர்த்தினாலும் வரத்துக்கால் தூர்ந்துவிட்டால் பயன் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மேலூர்க்காரர்கள் காலில் அணை போட்டுத் தண்ணீரைத் திருப்பிவிடுவார்கள். அதைப் போய்ப் பேசித் தீர்ப்பதும் அந்த வேலையில் சேர்த்தி. பேச்சு முற்றி அடிதடியும் நடந்ததுண்டு. கோடையில் கண்மாயின் உட்பரப்பான உள்வாய் வறண்டதும் மாட்டுவண்டிகள் இறங்கும். வண்டல் அள்ளி நஞ்சையில் கொட்டுவார்கள். அந்தக் காலத்து உரமே அதுதான். யாரும் கண்மாயை ஆழப்படுத்துவதாக நினைத்து அள்ளவில்லை. அவரவர் வயலுக்கு அள்ளினார்கள், கண்மாய் தானாக ஆழமானது. இதை நான் பிற்பாடு பல நாள் யோசித்திருக்கிறேன். பொதுவுக்கு நல்லது செய்யும் வேலையும் தனக்கு வேண்டிய வேலையும் ஒன்றாக இருக்கும்படி ஒரு ஏற்பாடு அமைந்துவிட்டால், அதைப் பிரசாரம் பண்ணிக் காப்பாற்ற வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் தாங்கியவர் நீர்ப்பாய்ச்சி. எங்கள் கண்மாயின் பெரிய மடை குமிழி மடை. கரையிலிருந்து உள்ளே தள்ளி, தண்ணீருக்கு நடுவே இரண்டு கல்தூண்கள் நிற்கும். அதன் அடியில் தொட்டி போன்ற அமைப்பு. மேலே இருக்கும் நீரோடித் துளையைத் திறந்தால் தெளிந்த நீர் பாயும். தரையோடு இருக்கும் சேறோடித் துளைகள் வழியே சேறு வெளியேறும். திறக்க வேண்டுமானால் நீர்ப்பாய்ச்சி நீந்திப் போய், முங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு கல்லைத் தூக்க வேண்டும். கார்த்திகைக் குளிரில், கண்மாய் தளும்பி நிற்கும்போது. கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் எங்களுக்கு அவர் தலை வெளியே வரும்வரை நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு என்பதை அவர்தான் முடிவு செய்தார். ஒரு தை மாதத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் வயலுக்கு இன்னொரு தடவை விடச் சொல்லி அப்பா கேட்டார். ஊரில் அப்பாவுக்கு நல்ல செல்வாக்கு. நீர்ப்பாய்ச்சி வாய்க்கால் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, “கடைமடை இன்னும் நனையலைங்கய்யா” என்றார். அப்பா மேலே பேசவில்லை, திரும்பி வந்துவிட்டார். நிலமே இல்லாத ஒருவர், நிலம் உள்ளவரிடம் முடியாது என்று சொல்ல முடிந்தது. அவருக்கென்று ஆயக்கட்டில், அதாவது கண்மாய் பாயும் நிலத்தில், வயல் கிடையாது என்பதால்தான் அது முடிந்தது. தண்ணீரில் அவருக்குச் சொந்த லாபம் எதுவும் இல்லை. எல்லா வயலும் விளைந்தால்தான் அவருக்குக் களத்தில் நெல் அளப்பார்கள்.

பங்குனியில் நீர் வற்றி முழங்காலளவு வரும்போது மீன்பிடி. அழிகண்மாய் என்று அறிவித்துவிட்டால் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் ஊத்தாவும் வலையும் தூக்கிக்கொண்டு இறங்கும். விரால், கெளுத்தி, குரவை, அயிரை என்று ஊரே மீன் நாற்றத்தில் மணக்கும். சில வருடம் அப்படித் திறந்துவிடாமல் ஏலம் விடுவார்கள். அந்தப் பணமும், கரையிலிருந்த நாட்டுக் கருவேல மரத்து நெற்று ஏலம் போன பணமும் ஊர்ப் பொதுவில் சேரும். கோயில் செலவும் மடைச் செலவும் அதிலிருந்துதான்.

இவ்வளவு சொன்னபின் மற்றதையும் சொல்ல வேண்டும். அது பொற்காலம் என்று மேடைகளில் பேசுபவர்களைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த நீர்ப்பாய்ச்சி களத்துமேட்டில் தள்ளித்தான் நிற்பார். எல்லாருக்கும் அளந்து முடிந்தபின் அவருக்கு அளப்பார்கள். எங்கள் குடிதண்ணீர் ஊருணியில் அவர் வீட்டுப் பெண்கள் குடம் முக்க முடியாது. கண்மாய் பற்றிய பேச்சு கோயில் வாசலில் நடக்கும். அங்கே அவருக்கும் இடம் இல்லை, எந்தச் சாதிப் பெண்ணுக்கும் இடம் இல்லை. தமுக்கடித்து அழைத்த வேலையில் வெயிலில் மண் வெட்டியவர்கள் பெரும்பாலும் யார் என்றும் எனக்கு நினைவிருக்கிறது. குடிமராமத்து ஊரார் விருப்பத்தின் பேரில் மட்டும் நடந்ததும் இல்லை. அந்த உழைப்பைக் கட்டாயமாக்க வெள்ளைக்காரர்கள் 1858-இல் சென்னை மாகாணத்தில் சட்டமே போட்டார்கள். எங்கள் பகுதிக் கண்மாய்களை நெடுங்காலம் ஆராய்ந்த டேவிட் மோஸ் 2003-இல் வெளியிட்ட நூலில், ஜமீன் அதிகாரமும் கோயில் மரியாதையும் சாதி அடுக்கும் சேர்ந்துதான் இந்த நீர்நிலைகளை நடத்தின என்று காட்டியிருக்கிறார். படித்தபோது எனக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை. முதல் மரியாதை யாருக்கு என்ற சண்டையில் கண்மாய் வேலை நின்றுபோன வருடங்கள் எங்கள் ஊரிலும் உண்டு.

ஆக, அந்த ஏற்பாடு கலைந்ததில் பாதி நியாயம். எது நியாயமாகக் கலைந்ததோ, அதோடு சேர்ந்து தண்ணீரும் போனது. அதுதான் என் மனத்தை அறுக்கிறது.

1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. வந்திருக்க வேண்டிய சட்டம். அதோடு ஜமீன் கண்மாய்கள் அரசுக்கு வந்தன. நூறு ஏக்கருக்கு மேல் பாயும் கண்மாய்கள் பொதுப்பணித் துறைக்கு, அதற்குக் கீழ்ப்பட்டவை ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரிவினை. 1963-இல் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம். ஊழியத்துக்கு மானியமாக நிலம் என்ற பழைய முறை அதோடு பிடிமானம் இழந்தது. மீன் ஏலம் ஊர்க் கையை விட்டுப் போயிற்று, மரம் போயிற்று. வண்டல் அள்ளுவதற்கும் கனிம விதிகளின்படி அனுமதி வேண்டும் என்றானது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஸ்வீடன் நாட்டு உதவியோடு சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் வந்தபோது பல கண்மாய்களின் உள்வாயிலேயே கருவேலங்கன்று நட்டார்கள். கிராமத்து விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்க்கும் நல்ல நோக்கம் அது. ஆனால் மரம் நின்ற இடத்தில் வண்டி இறங்க முடியாது, வண்டல் அள்ள முடியாது. சீமைக்கருவேலமும் தன் பங்குக்கு வரத்துக்காலையும் உள்வாயையும் பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து ஏழைகளுக்கு அதுவே கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் வழியாகவும் ஆனது. அதனால் அந்த மரத்தை முழுதாகச் சபிக்கவும் எனக்கு மனம் வருவதில்லை.

வருமானம் போன இடத்துக்குப் பொறுப்பும் போய்விட்டது என்று ஊரார் எடுத்துக்கொண்டார்கள். “கவர்மெண்டு கண்மாய்” என்று சொல்லத் தொடங்கினார்கள். சித்திரையில் தமுக்கு அடிப்பது ஒரு வருடம் தவறியது, மறு வருடமும் தவறியது. பிறகு யாரும் கேட்கவில்லை.

நீர்ப்பாய்ச்சியின் மகன் பத்தாவது படித்துவிட்டுத் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் சேர்ந்தார். போகத்தான் வேண்டும். கார்த்திகைக் குளிரில் முங்கிக் கல் தூக்கி, களத்தில் கடைசியாக நெல் வாங்கும் வேலையை எந்தத் தகப்பன் மகனுக்கு விட்டுச் செல்வார்? பெரியவர் முதுமையில் மடைக்குப் போவதை நிறுத்திய பிறகு, அவருக்குத் தெரிந்திருந்ததைக் கேட்டு வைத்துக்கொள்ள ஆள் இல்லை. முங்கித் திறப்பவர் இல்லாததால் சேறோடித் துளைகள் அடைந்தன. சேறு உள்ளேயே தங்கியது. கரையில் நின்றபடி திருகித் திறக்கும் இரும்புக் கதவு வைத்தார்கள். சில வருடத்தில் அது துருப்பிடித்துத் திருக முடியாமல் போனது. மேல்மடைக்காரர்கள் கரையை உடைத்துக் குழாய் பதித்துக்கொண்டார்கள். கடைமடை வயல்கள் முதலில் தரிசாயின. அப்புறம் நடுமடை.

கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்த ஊர்கள் வேறு வழி கண்டுகொண்டன. 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ஐ ஒட்டி எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. ஆழ்துளைக் கிணறு போட வசதியுள்ளவர் கண்மாயை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஊரில் யார் பேசினால் வேலை நடக்குமோ, அவர்களுக்கே கண்மாய் தேவைப்படாமல் போய்விட்டது. கூட்டு வேலை சிதைவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரிந்து இல்லை. தெற்கே கடலாடி, முதுகுளத்தூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு. எத்தனை அடி போட்டாலும் வாயில் வைக்க முடியாது. அங்கே ஊருணிக்குக் கரை கட்டி, வேலி போட்டு, கால் நனைக்காமல் படியில் நின்று குடம் முக்குகிற ஒழுங்கு இன்றைக்கும் பல ஊர்களில் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் எங்களைவிட நல்லவர்கள் என்பதில்லை. அவர்களுக்கு வேறு தண்ணீர் இல்லை.

ராபர்ட் வேட் என்ற ஆய்வாளர் ஆந்திரத்தின் கால்வாய்ப் பாசன ஊர்களில் ஏறக்குறைய இதைத்தான் கண்டார். 1988-இல் வந்த அவருடைய நூல் எங்கள் கண்மாய் விவசாயிகள் சங்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் மூலம் எனக்குக் கிடைத்தது. பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான், ஒரே மொழி, ஒரே மாதிரிச் சாதிகள். ஆனாலும் சில ஊர்கள் தாமாகவே நீர் பாய்ச்ச ஆள் வைத்து, வயல் காவலுக்கு ஆள் வைத்து, அறுப்புக்குப் பின் ஆட்டுக்கிடை போடும் உரிமையை ஏலம் விட்டுப் பொதுப்பணம் சேர்த்து நடத்தின. சில ஊர்களில் எதுவும் இல்லை. வேறுபாடு எங்கே என்று பார்த்தால், ஒழுங்காக நடத்தியவை பெரும்பாலும் கால்வாயின் கடைக்கோடியில் இருந்த ஊர்கள். தண்ணீர் வருமா வராதா என்ற பயம் இருந்த இடத்தில் அமைப்பு இருந்தது. தலைமடையில் தானாகத் தண்ணீர் வந்தது, அமைப்பும் தேவைப்படவில்லை.

காவிரிக் கடைமடையில், பேராவூரணிப் பெரிய குளத்தில் நடந்ததை அதோடு சேர்த்துப் பார்க்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பகுதியின் தென்னையை வேரோடு சாய்த்துப் போட்டது. அடுத்த வருடமே அந்த ஊர் இளைஞர்கள் விவசாயிகளோடு சேர்ந்து பணம் திரட்டிக் குளத்தைத் தூர்வாரினார்கள். வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அதில் இறங்கினார்கள். எல்லாம் இழந்து நின்ற சமயத்தில், அடுத்த பயிருக்கு வழி என்ன என்று கேட்டபோது அவர்கள் கண்ணில் பட்டது குளம்.

எங்களுக்கு அந்தச் சமயம் 2016. அந்த வருட வடகிழக்குப் பருவமழை வழக்கத்தில் பாதிகூடப் பெய்யவில்லை; மாநிலம் முழுக்க 62 விழுக்காடு குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தார்கள். எங்கள் ஊரில் ஆழ்துளைக் கிணறுகளும் காற்றுத்தான் இறைத்தன. கண்மாய் தேவையில்லை என்று இருந்த வீடுகளுக்கு அப்போதுதான் தங்கள் கிணற்றுத் தண்ணீரும் கண்மாயிலிருந்து இறங்கியதுதான் என்று உறைத்தது. டாங்கர் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை வைத்து நின்ற பெண்கள்தான் முதலில் வாய் திறந்தார்கள். கோயில் வாசல் கூட்டம் பிறகுதான் வந்தது.

2017 மார்ச்சில் அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே திட்டம் அறிவித்தது. முதல் கட்டத்தில் நூறு கோடி ரூபாய். ஆயக்கட்டு விவசாயிகள் தங்கள் சங்கத்தின் வழியே வேலையை எடுத்துச் செய்யலாம், பத்து விழுக்காடு அவர்கள் பங்கு, அதை உழைப்பாகவும் தரலாம். அந்த ஏப்ரலில் விவசாயத்துக்கு வண்டலை இலவசமாக அள்ளிக்கொள்ளவும் விதி தளர்ந்தது. ஊர் கேட்க வேண்டியதை அரசே கொடுத்ததில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

பக்கத்து ஊர் ஒன்றில் அந்தப் பணம் எப்படிப் போயிற்று என்பதையும் பார்த்தேன். சங்கம் காகிதத்தில் இருந்தது. தலைவராகக் கையெழுத்துப் போட்டவருக்குக் கண்மாயில் ஒரு சென்ட் பாசனம்கூட இல்லை. இரண்டு மண்வாரி எந்திரங்கள் வந்து கரையைச் சீவி ஒப்பனை செய்தன. உள்வாயில் மடைக்குப் பக்கத்திலேயே பள்ளம் பறித்தார்கள், அங்கேதான் அள்ள வசதி. மடையின் வாயைவிடத் தாழ்வாகப் பறித்த பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் எந்த வயலுக்கும் ஏறாது. வரத்துக்காலை யாரும் தொடவில்லை. பத்து விழுக்காட்டை யார் கட்டினார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. பணமும் எந்திரமும் பெயர்ப்பலகையும் வந்தன. வயிற்றெரிச்சலோடு பார்த்து நின்றவர்கள்தான் அந்தக் கண்மாயில் பாசனம் பண்ணுகிறவர்கள்.

எங்கள் ஊரில் கொஞ்சம் வேறு மாதிரி நடந்ததற்கு நாங்கள் கெட்டிக்காரர்கள் என்பது காரணமாகாது. எங்களுக்கு முன்னே நடந்து காட்டியவர்கள் இருந்தார்கள். மதுரையில் தானம் அறக்கட்டளை பல வருடங்களாகக் கண்மாய் வேலையை வயலகம் என்ற பெயரில் ஊர்ச் சங்கங்களை வைத்துச் செய்துவருகிறது. முதலில் சங்கம், அப்புறம் ஊரார் பங்குப் பணம், அதன் பிறகுதான் மண் வேலை என்ற வரிசையை நாங்கள் அங்கே பார்த்துத்தான் எடுத்துக்கொண்டோம். ஏக்கருக்கு இவ்வளவு என்று முடிவானபோது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் மொத்தமாக அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள். எங்கள் மகளிர் குழுத் தலைவி வேண்டாம் என்றார். “சிங்கப்பூர்லேருந்து மொத்தமா வந்தா, நாளைக்கு மடை உடைஞ்சாலும் சிங்கப்பூரத்தான் பாப்பாக டீச்சர். அம்பது ரூவான்னாலும் இங்க இருக்கவுக குடுக்கட்டும்” என்றார். ஆடு வளர்த்துப் பிழைப்பவர், நிலமில்லாதவர், வரத்துக்கால் வேலையில் முன்னால் நின்றவர். பிள்ளைகளின் பணத்தை வைப்பு நிதியாகப் போட்டுவிட்டு, வேலைக்கான பங்கை ஊரிலேயே வசூலித்தோம். வசூல் நோட்டோடு வீடு வீடாக நடந்தபோது, கொடுத்த ஒவ்வொருவரும் அடுத்த நாள் கரைக்கு வந்து பார்த்தார்கள். எந்திர ஓட்டுநரிடம் எங்கே பறிக்கிறாய், ஏன் பறிக்கிறாய் என்று கேட்டார்கள். மேற்பார்வைக்குத் தனியாக ஆள் போட வேண்டியிருக்கவில்லை.

வைகாசியில் வரத்துக்கால் வெட்டியபோது, அறுபதுகளில் பார்த்த அதே வேலையை வேறு கைகள் செய்வதைப் பார்த்தேன். அன்று ஆண்கள், பெரும்பாலும் ஒரே தெருவிலிருந்து வந்தவர்கள். இன்று எல்லாத் தெருப் பெண்களும், ஊரக வேலைத் திட்டத்தின் அட்டையோடு. அன்று வராவிட்டால் தண்டம், இன்று வந்தால் கூலி. கூலிக்காக வருகிறார்கள் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் குறை சொன்னார். அன்றைக்குக் கூலியில்லாமல் வந்தவர்களிடம் யாராவது விருப்பம் கேட்டார்களா என்று நான் திருப்பிக் கேட்டேன்.

ஆனால் ஒருமுறை தூர்வாருவது சுலபம். அடுத்த பத்து வருடம் பார்த்துக்கொள்வதற்கு என்ன வழி? இங்கேதான் வருமானத்தைப் பற்றிய பேச்சு வருகிறது. நேபாளத்தில் 1993-இல் வந்த வனச் சட்டம் காட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஊர்க் குழுக்களிடம் கொடுத்தது. காட்டிலிருந்து வரும் வருமானத்தையும் அவற்றிடமே விட்டது; அதில் குறைந்தது கால்பங்கைக் காட்டுக்கே செலவிட வேண்டும் என்ற விதியும் உண்டு. இன்று அங்கே 22,000-க்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. மொட்டையாகக் கிடந்த மலைச்சரிவுகளில் மறுபடி மரம் நிற்கிறது. பொதுச் சொத்தைப் பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று 1990-இல் எழுதிய எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். எங்கள் கண்மாய்களில் பொறுப்பைத் தருகிறார்கள், மீன் பாசி ஏலத்தைத் தருவதில்லை. மீனும் மரமும் வெளியே ஏலம் போகிற கண்மாய்க்கு ஊரார் எத்தனை காலம் கைக்காசு போடுவார்கள்? கிராம சபையில் இதை மனுவாகக் கொடுத்திருக்கிறோம். கண்மாயில் பிறக்கிற பணத்தில் ஒரு பங்காவது கண்மாய்க் கணக்கில் விழ வேண்டும். இது சலுகை கேட்பது ஆகாது.

இன்னொன்று, சங்கம் யாருடையது என்பது. 2000-ஆம் ஆண்டின் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டத்தின்படி விவசாயிகள் சங்கம் என்பது ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களின் சங்கம். வரத்துக்காலில் முன்னால் நின்ற எங்கள் மகளிர் குழுத் தலைவிக்கு அதில் வாக்கு இல்லை. அவருடைய ஆடுகள் கோடை முழுக்கக் குடிப்பது அந்தக் கண்மாய்த் தண்ணீரைத்தான்.

இந்தக் கேள்வி இப்போது கொதிநிலைக்கு வந்திருப்பது நீர்ப்பாய்ச்சியால். கண்மாய் ஓரளவு நிறைந்த முதல் வருடமே மடைச் சண்டை வந்தது. தலைமடைக்காரர்கள் இரவில், பழுது பார்த்து வைத்த கதவைத் திருகித் திறந்துகொண்டார்கள், கடைமடை காய்ந்தது. வேலையெல்லாம் முடிந்தபின், பழைய ஏற்பாட்டில் நடுநாயகமாக இருந்த ஒருவர் இல்லாத குறை எல்லாருக்கும் ஒரே நாளில் தெரிந்துவிட்டது. பழைய நீர்ப்பாய்ச்சியின் பேரன் ஊரில்தான் இருக்கிறார். மண்வாரி எந்திரம் ஓட்டுகிறார். எங்கள் வேலையிலும் அவர்தான் ஓட்டினார். தாத்தா சொல்லிக் கேட்ட நினைவில், சேற்றுக்குள் புதைந்திருந்த சேறோடித் துளை இருக்கும் இடத்தைச் சரியாகக் காட்டியவரும் அவர்தான். சங்கத்தின் சார்பில் நான் போய்க் கேட்டேன்.

“வாரேன் டீச்சர்” என்றார். “ஆனா தாத்தா மாதிரி களத்துல நின்னு நெல்லு வாங்க மாட்டேன். மாசச் சம்பளம், பேங்குல போடுங்க. நான் பூட்டுன மடைய யாரு தொறந்தாலும், அவுக எந்தத் தெருவா இருந்தாலும் அவராதம் போடணும். அப்புறம் சங்கத்துல எனக்கும் ஓட்டு வேணும். தண்ணி எனக்குத் தெரியும்ல?”

சம்பளத்துக்கு ஒரே கூட்டத்தில் ஒப்புக்கொண்டார்கள். வைப்பு நிதியின் வட்டி கொஞ்சம், ஏக்கர் வரி கொஞ்சம் என்று கணக்குப் போட்டுக் காட்டினோம். அபராதத்துக்கு முணுமுணுத்துக்கொண்டே தலையாட்டினார்கள். வாக்கு என்றதும் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. நிலமில்லாதவர்க்கு எதற்கு ஓட்டு என்று எழுந்தவர்களில் என் சொந்தத் தம்பியும் உண்டு. சட்டப்படியான சங்கத்தில் அது முடியாது என்பது உண்மைதான். அதற்கு வெளியே ஊர்க் கண்மாய்க் குழு என்று ஒன்றைப் பதிவு செய்து, ஆடு மாடு வைத்திருப்பவர், நீர்ப்பாய்ச்சுபவர், மகளிர் குழு எல்லாரும் வாக்களிக்கும்படி விதி எழுதலாம். பணமும் மடைச் சாவியும் அந்தக் குழுவிடம் இருக்க வேண்டும். அந்த விதிமுறையை நான்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆவணியில் புழுதி விதைப்புக்கு முன் மறுபடி கூட்டம் போட்டிருக்கிறோம். தம்பி தன் தரப்புக்கு ஆள் சேர்த்துக்கொண்டு வருவான், நாங்களும் சேர்த்துக்கொண்டுதான் போகிறோம். மழை ஐப்பசியில் வந்துவிடும். மடையை முழுதாக அறிந்தவர் ஊரில் அந்தப் பேரன் ஒருவர்தான்.